ஒருதரம் மட்டும் சொன்னவர்

"கிணத்தடி வழுக்கும், பாத்து நடவும் பிள்ளை" என்று அவர் என்னிடம் சொன்னது, நான் கல்யாணமாகி அந்த லைன் வீட்டுக்கு வந்த முதல் நாள். மூன்றாம் நாள் குடத்தோடு விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேறு யாராவது என்றால் "அன்றைக்கே சொன்னேனே" என்பார்கள். அவர் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாம் தரம் சொன்னதாகிவிடுமே. உள்ளே போய் ஒரு சின்னப் புட்டியில் டிங்சர் கொண்டுவந்து வேலிக்கட்டையின் மேல் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, முற்றத்து ஜம்பு மரத்தின் உச்சியைப் பார்த்தபடி நின்றார். நான் புட்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றார்.

அவர் சிலோன்காரர். ஏதோ ஓர் அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று எனக்கு அப்போதும் சரியாகத் தெரியாது. லைனில் எல்லோரும் கிராணி ஐயா என்போம். பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஆறு பலகை வீடுகள், நடுவில் ஒரு கிணறு. அதுதான் எங்கள் லைன். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் இடுப்பளவு வேலி. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆம்பிளைகள் முன்னால் வாய் திறக்க வராது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதிலும் கேட்பதிலும் என் பொழுது போயிற்று.

எதையும் அவர் ஒருதரம்தான் சொல்வார். "தேத்தண்ணி" என்று கிராணியம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜம்பு மரத்தைப் பார்ப்பார். அந்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் என்னோடு வேலியோரம் கதைத்துக்கொண்டிருப்பார். அரை மணி ஆகும். தேத்தண்ணி வராது. அவரும் கேட்கமாட்டார். கடைசியில் கிணற்றில் ஒரு வாளி இழுத்து, பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போவார்.

"இன்னொருக்காக் கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துபோமோ?" என்று அந்தம்மா என்னிடம் கேட்பார், அவர் காதில் விழும்படி.

"ரெண்டாந்தரம் சொன்னா, முதல்தரம் சொன்னதுக்கு மதிப்பில்லாமல் போயிடும்" என்றார் கிராணி ஐயா ஒருநாள். அதையும் ஒருதரம்தான் சொன்னார்.

ஆபீசிலும் அப்படித்தானாம். பியூனிடம் ஒரு பைலைக் கேட்பாராம். வராதாம். மரத்துக்குப் பதிலாக அங்கே ஜன்னல் இருந்திருக்க வேண்டும். பிறகு தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்வாராம். "இவருக்குக் கீழ இருந்தவனுங்க மூணு பேரு இப்ப இவருக்கு மேல உக்காந்திருக்கானுங்க" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அவர் லாரி ஓட்டினார். கத்தினால்தான் காரியம் நடக்கும் என்பது அவருக்கு ரோட்டில் கிடைத்த படிப்பு.

கிராணி ஐயா சொன்னதைக் கேட்ட ஒரே உயிர் அந்த நாய்தான். அதுவும் முதலில் அவருடைய நாய் இல்லை.

பினாங்கில் குண்டு விழுந்தபோது வெள்ளைக்காரர்கள் யாரிடமும் சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டார்கள். கிராணி ஐயாவின் துரையும் போய்விட்டார். என்ன ஏதென்று பார்க்க இவர் துரை பங்களாவுக்குப் போனார். வராந்தாவில் நாய் மட்டும் இருந்தது. பழுப்பு நிறம், மடிந்த காது. "ஸ்டே, ஸ்டே, ஸ்டேன்னு துரை பத்துத் தரம் சொல்லிட்டுத்தான் காரில் ஏறினாரு" என்று தோட்டக்காரர் சொன்னாராம். அந்த நாய் இரண்டு நாளாகத் துரை சொல் கேட்டு அங்கேயே இருந்தது என்று நினைக்க வேண்டாம். அது துரையின் காருக்குப் பின்னாலேயே ஓடி, களைத்துத் திரும்பி வந்திருந்தது. எதையும் பத்துத் தரம் சொல்லிச் சொல்லி, எதையும் கேட்காத நாயாக அதைத் துரை வளர்த்திருந்தார்.

கிராணி ஐயா அதைச் சணல் கயிற்றில் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தார். கிராணியம்மா வாசலிலேயே மறித்தார்.

"இஞ்சேருங்கோ, மனுசருக்கே சோறில்லை. இது என்ன கோலம்?"

"துரை வரும் வரைக்கும்தான்" என்றார். பிறகு ஜம்பு மரம்.

அடுத்த நாள் முதல் பழக்கம் தொடங்கியது. ஜப்பான்காரன் ஊருக்குள் வந்துவிட்டிருந்ததால் இங்கிலீஷ் பேசவே எல்லோருக்கும் பயம். அதனால் தமிழில் பழக்கினார். அவர்கள் ஊர்த் தமிழில். நெத்திலிக் கருவாட்டில் ஒன்றை நாயின் மூக்குக்கு நேரே பிடித்து, மெல்ல மேலே தூக்கிப் பின்னால் கொண்டுபோவார். மூக்கு மேலே போகப் போக நாயின் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். தரையைத் தொடுகிற நேரம் பார்த்து "இரும்" என்பார். நெத்திலி வாய்க்குள் போகும். உட்காராவிட்டால் நெத்திலி இல்லை. திட்டும் இல்லை, அடியும் இல்லை. கைகள் பின்னால் போகும், கண் மரத்து உச்சிக்குப் போகும். நாய் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்க்கும், அப்புறம் மரத்தைப் பார்க்கும், யோசித்துவிட்டு உட்காரும்.

"நாய்க்கு வாரும் இரும்னு மரியாதை பாத்தியாலா" என்பார் எங்கள் வீட்டுக்காரர். "என்னை ஒருநாள் அப்படிக் கூப்பிட்டிருக்கியா நீ?"

'இரும்' முடிந்ததும் 'நில்லும்'. அதைச் சொல்லிவிட்டு அவர் ஓர் அடி பின்னால் போய்த் திரும்பி வருவார். மறுநாள் இரண்டு அடி. மூன்றாம் வாரத்தில் கிணற்றைச் சுற்றிக்கொண்டு, வேலிக்கு மறைந்து நின்றுவிட்டு வருவார். நாய் வைத்த இடத்தில் நிற்கும். 'வாரும்' என்று கூப்பிட்டால் எவ்வளவு தூரத்திலிருந்தும் வரும். வந்ததற்கு ஒருநாளும் திட்டக்கூடாது என்பது அவருடைய சட்டம். 'விடும்' என்றால் வாயில் வைத்திருப்பதையும் கீழே போட்டுவிடும். எல்லாம் முடிந்து நாயை விளையாட விட வேண்டுமானால் "சரி" என்பார். அதன் பிறகுதான் அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஓடும். கிராணியம்மாவுக்குக்கூட ஆச்சரியம். "என்னை விடக் கெட்டிக்காரி" என்றார். அது ஆண் நாய்.

இதெல்லாம் விளையாட்டில்லை என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. சாலை முனையில் ஜப்பான் சிப்பாய் காவல் நின்றான். யார் போனாலும் நின்று இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். ஐந்தாம் வீட்டுத் தையற்காரரின் நாய் அவனைப் பார்த்துக் குரைத்தது. துப்பாக்கி முனைக் கத்தியால் ஒரே குத்து. தையற்காரர் குனிந்தபடியே நின்றார். நிமிரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாளே கிராணி ஐயா நாயைக் காவல் முனைக்குக் கூட்டிப் போனார். தூரத்தில் நிறுத்தி உட்கார வைத்தார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே. பத்து நாளில், அவர் சிப்பாயின் முன்னால் குனியும்போது நாய் அவர் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அரிசி வரிசையிலும் பக்கத்தில் நிற்கும். குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதினால் 'வாரும்' என்ற ஒரு சொல்லுக்கு அவர் பின்னாலேயே சாக்கடைப் பாலத்துக்கு அடியில் போய்ப் படுக்கும். எதிரே யாருடைய கிழங்கு கீழே விழுந்தாலும் தொடாது.

எங்களையும் அந்த நாள்களில் பழக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். குனியப் பழகினோம். வரிசையில் நிற்கப் பழகினோம். கடிகாரத்தை அவர்கள் ஊர் மணிக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, இருட்டில் எழுந்து காலை என்று நம்பப் பழகினோம். எங்கள் வீட்டுக்காரர் போதுமான அளவு குனியவில்லை என்று மூன்று தரம் அறை வாங்கினார். அவர் லாரியையும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த அவரிடம் வேலியோரம் வந்து கிராணி ஐயா சொன்னார்:

"தம்பி, அடிச்சுப் பழக்கினா அடிக்கிறவன் நிக்கிற வரைக்கும்தான் அது நிலைக்கும். நெத்திலி குடுத்திருக்க வேணும்."

"ஐயா, மெதுவாப் பேசுங்க. நீங்க ஒருதரம் சொன்னாலும் அவனுக்குக் கேட்டுரும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அவர்கள் காதுக்குப் போனது வேறொன்று. குனிகிற மனிதனுக்குப் பக்கத்தில் உட்காருகிற நாயைப் பற்றிச் சிப்பாய் தன் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறான். இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் மலாய் பேசுகிற மொழிபெயர்ப்புக்காரர் ஒருவர் லைனுக்கு வந்தார். அடுத்த வாரம் இதே கிழமையில் அதிகாரி வருவார், நாய் எப்படிச் சொல் கேட்கிறதென்று பார்ப்பார், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார். நாயை வேறெங்காவது அனுப்பினால் லைன் முழுவதும் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சிரித்தபடி சொன்னார்.

அதிகாரி ஏற்கெனவே எடுத்துப்போன நாய் ஒன்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அது அவர் பேச்சு விளங்காமல் திருதிருவென்று விழித்தது. மூன்றாம் நாள் சுட்டுவிட்டார். இந்த நாய் சொல் கேட்கும்தான், ஆனால் கிராணி ஐயா சொன்னால்தான் கேட்கும். அங்கே போனால் இதுவும் மூன்று நாள்.

கிராணியம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. "பழக்காமல் விட்டிருந்தா ஒருத்தனும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான்" என்று படியில் உட்கார்ந்து சொன்னார். பக்கத்தில் நாய் மிக ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தில் நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன்.

"இரும். இரும். இரும் இரும் இரும்."

கிராணி ஐயா கையை ஆட்டி ஆட்டி, நடந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். நாய் முதல் 'இரும்'முக்கே உட்கார்ந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. அது குழம்பி எழுந்தது. எழுந்ததும் ஒரு நெத்திலி கொடுத்தார். மறுபடி "இரும் இரும் இரும்". உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. எழுந்து நடந்தால் நெத்திலி.

"முடிஞ்சுது. ஐயாவுக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

எனக்குப் புரிந்துவிட்டது. துரை பத்துத் தரம் சொல்லிக் கெடுத்த மாதிரி இவரும் கெடுக்கிறார். அவசரமாக. ஒரு வாரத்துக்குள்.

அவர் ஒருவர் மட்டும் சொன்னால் போதாது என்று மத்தியானம் வேலிக்கு வந்தார். குரல் அப்போதே கம்மியிருந்தது. "பிள்ளை, நீரும் சொல்லும்" என்றார். ஆம்பிளைகள் பார்க்க, ஒரு நாயைப் பார்த்து, "இரும்" என்று சொல்ல வேண்டும். முதல் தரம் சொன்னது எனக்கே கேட்கவில்லை. நூறாவது தரம் தெருமுனை வரைக்கும் கேட்டது என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் பேசியதுபோல் நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

ஆறு வீடும் சேர்ந்துகொண்டது. தையற்காரர் மிஷினை மிதித்துக்கொண்டே "இரும் இரும்" என்றார். கண்ணில் காணக் கிடைக்காத நெத்திலியை ஆளுக்கு நாலைந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். நாங்கள் வெறும் கிழங்கு தின்றோம். நாய் சொல் கேட்காமல் இருந்து கொழுத்தது. எங்கள் வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார். லாரி ஓட்டிய தொண்டை. "இத்தனை வருசமா நான் கத்துனதுக்கு யாரும் ஏன் கேக்கலைன்னு இப்பத்தான்லா தெரியுது" என்றார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கிராணி ஐயா "இரும்" என்றார். நாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி, எங்கள் கோழியைத் துரத்திக்கொண்டு போயிற்று. "வாரும்" என்றார். வரவில்லை.

"நல்லது" என்றார். கிராணியம்மா கைதட்டப் போனார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

சொன்ன கிழமையில் கார் வந்து நின்றது. "கெய்ரே" என்று ஒரு சத்தம். வணங்கு என்று அர்த்தம். ஆறு வீட்டு ஆள்களும் வாசலில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில், ஒரே அளவில் குனிந்தோம். யாருக்கும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி குள்ளமானவர், வெள்ளைக் கையுறை. கிராணி ஐயா நாயோடு முற்றத்தில் நின்றார். மொழிபெயர்ப்புக்காரர் தலையாட்டினார்.

"இரும்" என்றார் கிராணி ஐயா. நாய் நின்றது. "இரும் இரும்." நாய் அதிகாரியின் பூட்சை முகர்ந்தது. "வாரும், வாரும்." அது உட்கார்ந்து காதைச் சொறிந்தது. "நில்லும்." எழுந்து போயிற்று. லைனில் யாரோ சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. அதிகாரியும் சிரித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். தன்னை வேண்டுமென்றே கேலி செய்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டடி முன்னால் வந்து கிராணி ஐயாவின் கன்னத்தில் அறைந்தார். மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது. அவரும் ஒரு முழங்காலில் விழுந்தார்.

நாய் திரும்பியது. முதுகு மயிர் நட்டுக்கொண்டது. தொண்டைக்குள் ஓர் உறுமல் ஆரம்பித்தது. அதிகாரியின் கை வாளின் பிடிக்குப் போயிற்று. 'இரும்' என்று சொல்லி நாய் உட்கார்ந்துவிட்டால் பொய் வெளிப்பட்டுவிடும். சொன்னாலும் அது உட்காரப் போவதில்லை. ஐந்து நாள் பாடுபட்டு எல்லாச் சொல்லையும் நாங்கள்தான் செல்லாமல் அடித்திருந்தோம்.

கிராணி ஐயா எழுந்தார். கண்ணாடியைத் தேடவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்ணால் ஜம்பு மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

உறுமல் நின்றது. நாய் அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அசையாமல் நின்றது.

அந்த வாரம் முழுவதும் அவர் ஒருதரம்கூடக் கையைப் பின்னால் கட்டவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. தெரிந்து செய்தாரா, தெரியாமலா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் ஒருதரம் சொல்லியிருப்பார், நாங்கள் கவனிக்காமல் இருந்திருப்போம்.

அதிகாரி வாளிலிருந்து கையை எடுத்தார். ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்புக்காரர் அதை மலாயில் சொன்னார்: நாய் முட்டாள், வளர்த்தவன் அதைவிட முட்டாள். நாங்கள் எல்லோரும் அதற்கும் குனிந்தோம். கார் போகும்வரை நிமிரவில்லை. அந்த லைனில் குனியாமல் நின்றவை இரண்டுதான். ஒன்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, மற்றது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கார் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்து "சரி" என்றார். நாய் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எங்கள் கோழியைத் தேடிப் போயிற்று. கிராணியம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தார். சீனி இல்லாத காலம். கிராணி ஐயா கேட்கவே இல்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, துரையும் ஒருநாள் லைனைத் தேடி வந்தார். சிங்கப்பூர்ச் சிறை முகாமில் மூன்றரை வருஷம். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார். எங்களைப் போலவே அவரும் குனிந்து பழகியிருப்பார். கையில் ஒரு புதுச் சங்கிலி இருந்தது. நாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சிட்" என்றார். பிறகு "சிட், சிட், சிட்" என்றார். நாய் கொட்டாவி விட்டது. கிராணியம்மாவின் காலடியில் போய்ப் படுத்தது.

துரை வருத்தத்தோடு கிராணி ஐயாவிடம் ஏதோ கேட்டார். இத்தனை வருஷத்தில் இதற்கு ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லையா என்று கேட்டாராம், கிராணியம்மா பிற்பாடு சொன்னார். கிராணி ஐயா இங்கிலீஷில் மெல்ல ஒரு பதில் சொன்னார். முகாமில் துரையின் காது கெட்டுப்போயிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, இங்கிலீஷ் தெரியாது. கிராணியம்மா அந்த நேரம் நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

துரை காதருகே கையை வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டார்.

கிராணி ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜம்பு மரத்தின் உச்சியைப் பார்த்தார். படுத்திருந்த நாய் எழுந்து வந்து, அவர் பக்கத்தில் அசையாமல் நின்றது.

துரை நாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மரத்தையும் பார்த்தார். அது காய்க்கிற காலம் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.